பிரேதம் எடுக்கும்வரை

வாவியின் வடகரையில் ஒதுங்கிக் கிடந்த குடியிருப்பு அது. கொரோனா என்று யசோதினியின் வாசலை நாடா கட்டி அடைத்திருந்தார்கள். அவள் புருஷன் உதயரூபன் ஆஸ்பத்திரியில் செத்த செய்தி நேற்று வந்ததிலிருந்து ஊரில் ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை. பிரேதம் எடுக்கும்வரை அப்படித்தான் வழக்கம்.

பக்கத்து வீட்டு வதனி வேலிக்கு அப்பால் நின்று கேட்டாள்: "எப்ப மச்சாள் கொண்டு வருவாங்களாம்?"

வாசற்படியில் உட்கார்ந்திருந்த யசோதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பட்டணத்திலேயே எரித்துவிட்டதாகக் காலையில் போனில் சொல்லிவிட்டார்கள், பாவிகள். ஊர் பசியோடு காத்திருப்பது ஒன்றுதான் அவனுக்குக் கிடைத்த மரியாதை. அதையும் எப்படிக் கெடுப்பது?

வதனியின் பிள்ளை பசியில் வீரிட்டழுதது.

யசோதினி எழுந்துபோய்த் தன் அடுப்பை மூட்டினாள்.

கூரைக்கு மேலே புகையைக் கண்டதும், "ஐயோ, எரிச்சிப்போட்டாங்களா?" என்று வதனி தலையிலடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் மற்ற வீடுகளிலும் புகை எழுந்தது.