பெல்ற் மூடியின் நான்கு நட்டுகள்

1

இந்தக் கதை ஒரு தகர ரின்னிலிருந்து வந்தது. போன கிழமை மேசை லாச்சியைத் துப்புரவாக்கும்போது பழைய பால்மா ரின் ஒன்று அகப்பட்டது. உள்ளே துருப்பிடித்த நான்கு நட்டுகள். சட்டென்று மூடிவிட்டேன். பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, குண்டுவீச்சு விமானங்கள்...'

[வேண்டாம். விமானம் வந்தால் வாசகர் குண்டைத்தான் எதிர்பார்ப்பார். குண்டு இந்தக் கதையின் பெண்மேல் விழவில்லை.]

இரண்டாவது: குணலட்சுமிக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சையில் கணிதம் எடுத்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தாள். ரீச்சராகப் போ என்றார் தாய். அவளோ கோப்பாயில் மா அரைக்கும் மில்லில் போய்ச் சேர்ந்தாள். பொறியியல் படிக்க முதல் ஓர் எஞ்சினையாவது தொட்டுப் பழகவேண்டும் என்ற பிடிவாதம். ஊர் வாய் பொத்திச் சிரித்தது. மூன்றே வாரத்தில் சத்தத்தை வைத்தே எஞ்சினின் நோயைச் சொன்னாள், கெட்டிக்காரி.

3

குண்டுவீச்சுக்குப் பதுங்க மில் வளவில் பங்கர் வெட்டினார்கள். பனங்குற்றி அடுக்கிய கூரையில் ஓர் இடைவெளி. முதலாளி ஆழ்வாப்பிள்ளை சுற்றிப் பார்த்தார். எஞ்சினிலிருந்து அரைக்கும் மெசினுக்கு ஓடும் பெல்ற்றின்மேல் ஓர் இரும்பு மூடி. அளவும் சரி.

"உந்த மூடியைக் கழட்டி அந்த இடைவெளியிலை போடு."

"ஐயா, பெல்ற் திறந்து கிடக்குமே?" என்றாள் குணலட்சுமி.

"மேலாலை வாறதிலை தப்பினாத்தானே பிள்ளை, கீழை கிடக்கிறதைப் பற்றிக் கதைக்கலாம்?"

நான்கு நட்டுகளும் கழன்று, மூடி பங்கர் கூரைக்கு ஏறியது.

[இந்த ஆழ்வாப்பிள்ளையை நான் நம்பவில்லை. நீங்களும் நம்பவேண்டாம்.]

4

மறுநாள் காலை நீர்வேலிப் பக்கம் விமானம் இரைந்தது. எல்லாரும் பங்கருக்குள் பாய்ந்தார்கள். எங்கோ குண்டு விழக் கூரை அதிர்ந்து, மூடியின் விளிம்பால் மண் அவள் தலையில் சொரிந்தது. வெளியே வந்ததும் ஒரே சிரிப்பு. தப்பிவிட்டோம்! எஞ்சினை இயக்கினாள். வரிசையில் நின்ற பெண்களுக்கு மா அரைபடத் தொடங்கியது. தலை முழுக்க நறநறவென்று மண். பின்னலை அவிழ்த்து உதறக் குனிந்தாள்.

பெல்ற் அவள் கூந்தலை

[இந்த வாக்கியத்தைப் பதினொரு தடவை தொடங்கினேன். எஞ்சினை நிறுத்த மூன்று விநாடி பிடித்தது.]

5

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்: "எங்கை குண்டு விழுந்தது?"

"குண்டில்லை. மில் பெல்ற்," என்றார்கள் அவளைத் தூக்கிப்போனவர்கள்.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அந்த நாட்களில் இப்படியும் ஒருத்திக்கு நடக்கும் என்று யாருமே நினைத்திருக்கவில்லை.

6

முடிவு அ: தலையில் முக்காட்டுடன் அவள் மீண்டும் எஞ்சினைத் தொடுகிறாள்.

முடிவு ஆ: மூன்றாம் நாள் விடிய, தாயின் கையைப் பிடித்தபடி

[எது நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை.]

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆழ்வாப்பிள்ளை அன்று ஊரிலேயே இல்லை. அவர் பேசியதெல்லாம் நான் பேசியது. அந்த மில்லின் எஞ்சின்காரன் நான். அவள் ஐயா என்று யாரையும் கூப்பிடவில்லை. "அண்ணை, பெல்ற் திறந்து கிடக்குமே?" என்றுதான் கேட்டாள். நட்டுகளைக் கழற்றியது இந்தக் கை.

எத்தனை தடவை திருத்தி எழுதினாலும் அந்த மூடி பங்கர் கூரையில்தான் கிடக்கிறது. வாசிக்கிற நீங்கள் மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போகலாம். அங்கே அவள் பின்னல் இன்னும் அவிழவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு நிற்கிறாள். இந்தாருங்கள், நட்டுகள் நாலும் இருக்கின்றன. நீங்கள் அவளுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?