அறுநூற்று நாற்பது பக்கமும் ஒரு கேசட்டும்

இன்சாஃப் தன் கணவரிடம் சொன்ன பொய்கள் மொத்தம் இரண்டு. முதல் பொய்க்கு நாற்பது வயதாகிவிட்டது. இரண்டாவது போன மாதம் சொன்னது: "முழுசும் படிச்சுட்டேன். பிரமாதம்!"

அவள் கணவர் ஷுக்ரி வாத்தியார் யேமன் மலைக்கிராமம் ஒன்றில் நான்கு வருஷம் பாடம் நடத்திய கதையை அறுநூற்று நாற்பது பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு முழம். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இன்சாஃப் ஒன்பதாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றியவள்தான். அந்த நான்கு வருஷமும் எகிப்தில், சொந்த ஊரான தமன்ஹூரில் தனியாளாகப் பிள்ளையை வளர்த்தவள் அவள். அங்கே இவர் எப்படி இருந்தார் என்று தெரிந்துகொள்ள அவளைவிட யாருக்கு ஆசை இருக்கும்? மனுஷர் அவளைப் புத்தகத்தின் வாசற்படியை மிதிக்கவே விடவில்லை.

பதிப்பகத்து ரீஹாம் பட்டென்று சொல்லிவிட்டாள். "உஸ்தாத், நூத்தம்பது பக்கத்துக்குள்ள கொண்டு வாங்க. ஆறாவது படிச்சவங்களுக்கும் புரியணும். அப்பதான் போட முடியும்."

ஷுக்ரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஆறாவதா? இதோ உக்காந்திருக்காளே என் பொண்டாட்டி, இவ ஆறாவதுதான். ஒரு எழுத்து விடாம படிச்சா. கேளுங்களேன்!"

ரீஹாம் திரும்பினாள். "உங்களுக்கு எந்த இடம்மா பிடிச்சுது?"

இன்சாஃபுக்கு வியர்த்துவிட்டது. "ஒன்பதாம் பக்கம்," என்றாள். "அங்கதான்... நிறுத்தினேன்."

வீடு வந்து சேர்ந்தார்கள். செருப்பைக் கழற்றும்போது ஷுக்ரி, "உனக்காகத்தான் எழுதினேன்," என்றார். இன்சாஃப் நேராக அலமாரிக்குப் போய்ப் போர்வைகளுக்கு அடியில் கையை விட்டு ஒரு பழைய கேசட்டை எடுத்தாள்.

அந்தக் காலத்தில் அவர்களுக்குள் போய்வந்தது ஒரே கேசட். அவர் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். இவள் கேட்டுவிட்டு, அதன்மேலேயே பதிலைப் பேசித் திருப்பியனுப்புவாள். இப்படி ஒருவர் குரலை ஒருவர் அழித்தே குடும்பம் நடத்தினார்கள். ஒரு தடவை மட்டும், நாடா சிக்கி அறுந்துவிட்டது என்று சொல்லி அவள் புதுக் கேசட் அனுப்பினாள்.

குர்ஆன் கேட்கிற பழைய டேப்ரெக்கார்டரில், அறுந்துவிட்டதாகச் சொன்ன அந்தக் கேசட்டைப் போட்டாள். கரகரப்புக்கு நடுவே இளவயசு ஷுக்ரி பேசினார்.

"இன்சாஃப், மனசே சரியில்ல. போன வாரம் நைல் பாடம் எடுத்தேன். பில்கீஸ்னு ஒரு பொண்ணு, 'மழை இல்லாதப்பவும் ஆத்துல தண்ணி ஓடுமா உஸ்தாத்? யாரு ஊத்துவா?'ன்னு கேட்டா. நான் சிரிச்சுட்டேன். வகுப்பே சிரிச்சுது. மூணு நாளா அவ வரல. மலையேறிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவங்கப்பா ரொட்டியும் தேனும் வெச்சாரு. நீயும் பிள்ளையும் ஞாபகம் வந்து, அந்தாளு முன்னாடியே அழுதுட்டேன். யாருகிட்டயும் சொல்லாத. கேட்டுட்டு அழிச்சிடு."

ஷுக்ரி டேப்ரெக்கார்டரை நிறுத்தினார்.

"இது புத்தகத்துல இருக்கு," என்றார். இருக்கத்தான் செய்தது. 'மலைச்சூழலில் புவியியல் போதனையின் இடர்ப்பாடுகள்' என்ற தலைப்பில் முப்பத்தொரு பக்கம்.

"அதுல அழுறீங்களா?"

"இல்ல." டேப்ரெக்கார்டரைப் பார்த்தபடி, "அறுந்துடுச்சுன்னு சொன்னியே?" என்றார்.

"நீங்க அழுததுமேல நான் எப்படிங்க பேசுவேன்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "திரும்பப் போடு."

கேட்டுக் கேட்டு எழுதினார். ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதைப் படித்துக் காட்டிவிட்டு, வகுப்பில் முதல்நாள் நிற்கிற வாத்தியாரைப்போல் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தார்.

"புரியுதா?"

"அன்னிக்கே புரிஞ்சுது," என்றாள் இன்சாஃப். "மேல எழுதுங்க."