பாத்தி மிதித்த கால்

அய்யனாருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோற்றில் கை வைத்தவன் பாதியில் எழுந்துபோய் உப்பளத்தைப் பார்த்துவிட்டு வருவான். அப்பேர்ப்பட்ட ஆள் பத்து நாளாகக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான்.

வினை தொடங்கியது 2004 கார்த்திகையில். உப்பு லாரி இடித்து வலது தொடை எலும்பு முறிந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் கம்பி சொருகி, மூன்று மாசம் காலை ஊனக் கூடாது என்றார்கள். மார்கழியில் கடல் பொங்கி வந்து உப்பளத்தையெல்லாம் சேறாக்கிவிட்டுப் போனது. தையில் பாத்திகளைப் புதிதாகக் கட்டினார்கள். ஆட்கள் வரிசையாக நின்று குதிகாலால் களிமண்ணை மிதித்து இறுக்க வேண்டும். இறுகாத பாத்தியில் உப்பு விளையாது. அந்தத் தொப்தொப் சத்தம் வீடுவரை கேட்டது. இவனுக்குப் பொறுக்குமா? மனைவி சுலோசனா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஊன்றுகட்டையை வரப்பில் வீசிவிட்டு ஒரு மணி நேரம் மிதித்தான்.

அடுத்த கார்த்திகை வந்தும் எலும்பு ஒட்டவில்லை. கம்பியைப் பிடித்திருந்த திருகாணி உடைந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது.

"காலை ஊனினீங்களா?" என்று கேட்டார் டாக்டர் பக்தவச்சலம். பக்கத்தில் சுலோசனா நின்றாள்.

"இல்லவே இல்லீங்க டாக்டர்" என்று வாய் கூசாமல் சொன்னான்.

மார்கழியில் மறுபடி ஆபரேஷன். பழைய கம்பியை உருவிவிட்டுத் தடியான கம்பியைப் போட்டார்கள். இடுப்பிலிருந்து சுரண்டி எடுத்த எலும்பை முறிவில் வைத்து அடைத்தார்கள். தையல் போட்ட இடத்தைப் பத்து நாளுக்கு முன் பார்த்த டாக்டர், "இனிமே ஊனி நடங்க. பாரம் விழுந்தாத்தான் எலும்பு ஒட்டும். படுத்தே கிடந்தா இதுவும் ஒட்டாது" என்றார்.

ஒரு மணி நேரம் ஊனியே திருகாணி போச்சே! அந்த உண்மை தெரிந்திருந்தால் டாக்டர் ஊனச் சொல்லியிருப்பாரா? தன் பொய்யை நம்பித் தப்பான வைத்தியம் சொல்கிறார் என்றே அய்யனார் நினைத்தான். இந்தக் காலும் போனால் ஆயுசுக்கும் நொண்டிதான். கட்டிலில் புரண்டான், எழுந்து உட்கார்ந்தான், மறுபடி படுத்தான். வெளியே இந்த வருஷத்துப் பாத்தி மிதிக்கிற சத்தம்.

"எழுந்து நடய்யா" என்றாள் சுலோசனா.

"டாக்டருக்கு முழுசா தெரியாது. நீ சும்மா இரு."

"நீ பாத்தி மிதிச்சதுதானே? எக்ஸ்ரே பார்த்த அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். தெரிஞ்சுதான் தடிக் கம்பியா போட்டாரு."

அய்யனார் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ மிதிச்ச அன்னிக்கு சாயந்திரம் உன் காலைத் துடைச்சது யாரு? ரெண்டு குதிகால்லயும் களிமண்ணு."

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். ஒரு வருஷமா இருக்கேன்."

வெட்கத்தில் அவனுக்குக் கண் கலங்கியது. கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தான். வலது காலைத் தரையில் வைக்காமல் தூக்கிப் பிடித்திருந்தான்.

"ஆமா, மிதிச்சேன்" என்றான்.

"இப்ப மிதி" என்று தோளைக் கொடுத்தாள் சுலோசனா.