கணேசமூர்த்தி கங்காணி ஆனது

"ஒனக்குக் கங்காணி வேல கேக்குதோ?" என்று கணேசமூர்த்தி ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தான். தூக்கி எறியவில்லை. அன்றைக்கு ரொட்டி நன்றாக வந்திருந்தது.

அடுப்படியில் நின்ற காளியாயி திரும்பாமலே, "எழுதிக் குடுத்தாச்சுங்க. ஆபீசுல வாங்கியும் வச்சுக்கிட்டாங்க" என்றாள்.

"லயத்துல அத்தன வீடும் சிரிக்குது. பொண்டாட்டி மலையில நின்னு ஆளுங்கள வெரட்டுனா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஸ்டோருக்கு வேலைக்குப் போறது?"

"இருக்குற மூஞ்சியோடதான் போகணும்."

மறுபடி தட்டை இழுத்து வைத்துக்கொண்டு அவன் மிச்ச ரொட்டியையும் சாப்பிட்டு முடித்தான்.

உண்மையில் காளியாயி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். மேடையில் பேசியதை நம்பிவிட்டாள். அது அரசாங்கத் தேயிலைத் தோட்டம். பெண்கள் தினத்துக்கு நிர்வாகமே பந்தல் போட்டு, பணிசும் பிளேன்டீயும் கொடுத்து, ஹட்டனில் இருந்து மனித உரிமைக் காரியாலயத்து அதிகாரி கிருஷாந்தியைப் பேசக் கூப்பிட்டிருந்தது. "பொம்பளைங்கிற காரணத்துக்காக அரசாங்க நிர்வாகம் ஒரு வேலைய மறுக்கக் கூடாது. அரசியலமைப்புலேயே இருக்கு. மறுத்தாங்கன்னா எங்ககிட்ட வாங்க" என்று அந்த அம்மா சொன்னபோது முதலில் கைதட்டியவர் தோட்டத்துத் தொரைதான். அவரைப் பார்த்து, அவருக்கு அடுத்தபடி மலையை மேற்பார்க்கிற கண்டாக்கும் தட்டினார், கண்டாக்கைப் பார்த்து ஊரே தட்டியது. தட்டிவிட்டு எல்லோரும் பணிசைச் சாப்பிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். காளியாயி மட்டும் போய் விண்ணப்பம் எழுதினாள்.

அவளுக்கு அந்த வேலை புதிதும் இல்லை. பழைய கங்காணிக்கு முழங்கால் வலி. பென்சனுக்குப் போகும்வரை பல வருஷம் அவர் மரத்தடியில் குந்தியிருக்க, எந்த மலையில் கொழுந்து முற்றுகிறது, எந்த நிரையில் யாரை விடுவது என்று பார்த்ததெல்லாம் காளியாயிதான். அத்தனை வருஷமும் அவள் பொம்பளை என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கங்காணி என்ற பேரையும் அதற்குரிய சம்பளத்தையும் சேர்த்துக் கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் ஒன்றாக ஞாபகம் வந்தது.

சங்கத்துத் தலைவர் செல்லசாமி வீடு தேடி வந்தார். தொழிலாளியின் உரிமைக்காகத் தொண்டை கட்டுமளவுக்குக் கத்துகிற மனிதர்.

"அக்கா, சட்டமெல்லாம் டவுனுக்குத்தான். நம்ம மாரியம்மன் திருவிழாவுல கங்காணிக்குத்தான பரிவட்டம் கட்டுறோம்? பொம்பளைக்கு எப்புடிக் கட்டுறது?"

"கும்புடுற சாமியே பொம்பளதானே தலைவரே?"

"சாமி என்ன, வேல கேட்டு எழுதியா குடுத்துச்சு?" என்றார் செல்லசாமி. போகிற வழியில் கணேசமூர்த்தியின் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம், காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டில், புதுக் கங்காணி பெயரைக் கண்டாக்கு சத்தமாகச் சொன்னார்: கணேசமூர்த்தி. கொழுந்து காய்ச்சுகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தவன். கொழுந்தைச் சாக்கில் பார்த்திருக்கிறானே தவிர செடியில் நின்று பார்த்ததில்லை.

காளியாயி தொரையின் முன்னால் போய் நின்றாள்.

"ஒங்க வீட்டுக்குத்தானே குடுத்திருக்கேன், காளியாயி? புருஷன் வேற, நீ வேறயா?" என்றார் அவர், பெரிய உபகாரம் செய்தவர் மாதிரி. பெண்டாட்டி சம்பளத்தைப் புருஷன் போய் வாங்கி வருவது அந்தத் தோட்டத்தில் காலங்காலமாக நடக்கிற வழக்கம். சம்பளத்தை வாங்குகிறவன் வேலையையும் வாங்கிக்கொண்டால் என்ன குறை என்று நிர்வாகம் நினைத்திருக்க வேண்டும்.

சாயந்திரம் கணேசமூர்த்தி புதுத் தொப்பியோடு வந்தான். போன வாரம் இருந்த மூஞ்சிப் பிரச்சினை தீர்ந்திருந்தது.

"என்ன காளி, நமக்குக் கெடச்சதுதானே? நீ எப்பயும் போல பாத்துச் சொல்லு. நான் சத்தம் போட்டுக்கிறேன்."

அவன் அதை வஞ்சகமாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னான்.  காளியாயி விறகு எடுக்கப் போகிற சாக்கில் லயத்துக்குப் பின்னால் நின்று அழுதாள்.

இருந்தாலும் காலையில் சொல்லிக் கொடுத்தாள். சொல்லாவிட்டால் இவன் கொழுந்து விளையாத மலைக்கு ஆளை அனுப்புவான், கொழுந்து நிறை காணாது, கூட நிற்கிற பெண்களுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். "எந்த மலை, காளி?" என்று அவன் தினமும் கேட்பான். அவள் சொல்வாள். பிறகு அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் அதையே பெரட்டில் முழங்குவான். மலையைப் பற்றி அவனுக்கிருக்கும் ஞானத்தைக் கண்டாக்கே மெச்சினார்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு காளியாயி ஹட்டன் பஸ் ஏறினாள். கிருஷாந்தியிடம் முறைப்பாடு கொடுத்தாள்.

விசாரணைக்குத் தொரை டை கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் செல்லசாமி, உரிமைக்காகப் போராட நிர்வாகத்தின் பக்கமாக உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஆளாக, நிர்வாகத்தின் முக்கியச் சாட்சியாகக் கணேசமூர்த்தி. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பஸ்ஸில்தான் வந்திருந்தார்கள். டிக்கெட் காளியாயிதான் எடுத்தாள்.

"பொம்பளைங்கிறதால மறுக்கல மிஸ்" என்றார் தொரை. "தகுதியப் பாத்துத்தான் குடுத்தோம். மலை இவருக்கு அத்துப்படி. எந்த நாள் எந்த மலைன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவார்."

கிருஷாந்தி எழுதிக்கொண்டே கணேசமூர்த்தியைப் பார்த்தார். "அப்படீங்களா? நாளைக்கு எந்த மலையில கொழுந்து எடுக்கப் போறீங்க கங்காணி?"

கணேசமூர்த்தி தொண்டையைச் செருமினான். நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, தினமும் செய்கிற மாதிரியே, பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"எந்த மலை, காளி?"

செல்லசாமிக்கு இருமல் வந்தது. தொரை டையைத் தளர்த்தினார். கிருஷாந்தியின் பேனா நின்றது.

பதில் காளியாயியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருஷத்து வழக்கம், மலையைப் பற்றிக் கேட்டால் வாய் தானாகத் திறக்கும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அதை அடக்கினாள்.

"கங்காணியத்தானே கேட்டாங்க" என்றாள். "நீங்களே சொல்லுங்க."

கணேசமூர்த்தி தொரையைப் பார்த்தான். தொரை செல்லசாமியைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்தார். 

கடைசியில் தொரைதான் சமாளித்தார். "பாத்தீங்களா மிஸ்? கட்டுன புருஷன் கேட்டாலே பதில் சொல்லாத பொம்பள. இவள நம்பி நான் எப்படி ஒரு மலையக் குடுக்கிறது?"

கிருஷாந்தி பேனாவை மறுபடி தாளில் வைத்தார். காளியாயி மேசைப் பக்கம் சாய்ந்தாள்.

"ஐயா இப்ப சொன்னதையும் அப்புடியே எழுதிக்குங்க, மிஸ்" என்றாள்.