பளபளவென்று ஒரு சுவர்

மேல் வரிசையில் நாலாவது டைல்ஸைத் தட்டியதும் பெயின்டர் சுத்தியலை நிறுத்தினார். உளிக்கு வேலையே இல்லை. தானாகக் கழன்று கைக்கு வந்துவிட்டது. "என்னம்மா இது, ஒட்டியிருக்காங்களா, சும்மா சாத்தி வச்சிருக்காங்களா?" என்று சிரித்தார். தையல்காரியும் சிரித்தாள். மிஷின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கழற்றியதை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். டியூப்லைட் அந்த வெள்ளைச் சுவரில் பட்டு, ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் கண்ணைக் குத்தியது. டைல்ஸை எடுத்துவிட்டு வெளிர்பச்சை அடித்தால் நிம்மதி என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், இன்றைக்குத்தான் ஆளைப் பிடித்திருந்தாள்.

அந்தச் சுவரைப் பார்த்து மயங்கித்தான் அவள் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டாள். அப்பா போன பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். கடைசி வரைக்கும் அப்பாவோடு அங்கேயே இருந்த அக்கா, "நீ சின்னவ, நீயே முதல்ல எடுத்துக்கோ. நீ தைக்க வெளிச்சமா இருக்கட்டும்னுதான் பின் ரூமுக்கு டைல்ஸ் போட்டேன்" என்றாள். இப்படி ஓர் அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று தைக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள் இவள். குளிக்காத, சமைக்காத அறையில், அதுவும் ஒரே ஒரு சுவருக்கு, கூரை வரைக்கும் யாராவது டைல்ஸ் ஒட்டுவார்களா என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு தையல் பிசகினால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிக்கிற கண் அது. அன்றைக்கு எங்கே போயிருந்ததோ.

மதியத்துக்குள் சுவர் முழுவதும் காலியானது. பெயின்டரின் சிரிப்பும் அதோடு போனது. கூரை மூலையிலிருந்து குறுக்காகத் தரை வரைக்கும் ஒரு விரிசல், இரண்டு விரல் நுழைகிற அகலத்தில் இறங்கியிருந்தது. அதற்குள் எதையோ திணித்து மேலே சிமெண்டைப் பூசியிருந்தார்கள். அவர் சுரண்டியால் நெம்பி இழுத்ததும் நீளமாக ஒரு கிழிசல் துணி வந்தது.

அவள் அதை வாங்கிக் கட்டை விரலால் தேய்த்தாள். மஞ்சள். அதில் சின்னச் சின்ன நீலப் பூக்கள். கை தானாக ஓரத்தைப் புரட்டியது. யாரும் பார்க்காத உள்பக்கத்தில் நீல நூலில் இரட்டைத் தையல். இந்தத் தையலை வேறு யாரும் போடுவதில்லை. அக்காவுக்கென்று இவள் மூன்று நாள் உட்கார்ந்து தைத்த ஜன்னல் திரை. போன மாதம்கூட, ஏன் மாட்டவில்லை என்று கேட்டதற்கு, "வெயில் பட்டா வெளுத்துடும்டி. பீரோவுல பத்திரமா இருக்கு" என்றாள் அக்கா.

"சுவர் இறங்குதும்மா. இது பெயின்ட் வேலை இல்ல, கொத்தனார் வேலை" என்றார் பெயின்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணும்னா பட்டி வச்சு அடைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பிரைமர் அடிச்சுடறேன். ஒரு வருஷத்துக்கு யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

அவர் சுரண்டியைக் கீழே வைத்தார். சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

சுவர் போனால் போகட்டும், கட்டிக்கொள்ளலாம். அவளால் தாங்க முடியாதது அந்த 'நீயே முதல்ல எடுத்துக்கோ'தான். அக்கா பிடித்துத் தள்ளியிருந்தால்கூட இவள் சண்டை போட்டிருப்பாள். நம்பவைத்துக் கழுத்தை அறுத்திருக்கிறாள், அதுவும் இவள் தைத்துக் கொடுத்த துணியை வைத்தே. அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை.

விரிசலிலிருந்து ஒவ்வொன்றாக உருவினாள். பதினோரு கிழிசல்கள். கொல்லையில் வாளித் தண்ணீரில் சிமெண்ட் போகிறவரைக்கும் அலசினாள். பிறகு, பூவுக்குப் பூ பொருந்துகிறபடி வரிசை பார்த்து, கொடியில் நெருக்கமாகத் தொங்கவிட்டுக் கிளிப் போட்டாள். நடுவில் ஒன்றுதான் குறைந்தது.

நாலு மணிக்கு அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. "என்னடி, பச்சைதானா, இல்ல மனசு மாறிட்டியா? ஒரே தட்டற சத்தமா..."

கொடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். தையல்காரி பின்வாசல் படியில் உட்கார்ந்தபடி பார்த்தாள். ஈரத் திரைக்குக் கீழே அக்காவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. துணியிலிருந்து தண்ணீர் அவற்றின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவை முன்னே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.