ஞாயிற்றுக்கிழமை எடுத்த கார்

எங்கள் தீவில் காரை நிறுத்தினால் சாவியை அதிலேயே விட்டுவிடுவோம். எடுத்துக்கொண்டு போனால் பக்கத்து வீட்டுக்காரனைத் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால்தான் இந்தக் கூத்தே நடந்தது.

எஃபி மெக்கின்னன் எழுபதைத் தாண்டியவர். வடக்குக் கோடியில், சாலை முடிகிற இடத்தில் தனியாக இருக்கிறார். பஸ் கிடையாது. கிளாஸ்கோவில் இருக்கிற மகன் நீல் போன வருஷம் வந்தபோது கறாராகச் சொல்லிவிட்டான்: "அம்மா, இந்தக் கார் நின்னுச்சுன்னா நீங்க என்கூட வந்துடணும். உங்களுக்குன்னு ரூம் ஒழிச்சு வச்சிருக்கேன்."

எஃபியும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த நாளிலிருந்து காரைப் பார்த்தாலே பயம். உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. உட்கார்ந்து குனிந்தால் காலுக்குக் கீழே சாலை தெரிந்தது.

மெக்கானிக் லாக்லன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். "எஃபி, கிளட்ச் போச்சு, பிரேக் போச்சு, அடித்தகடு பூரா துரு. இதுக்கு ஆகிற செலவுல இதே மாதிரி ரெண்டு வாங்கலாம்."

"அந்த ரெண்டும் துருப்பிடிச்சுத்தானே இருக்கும்? இதையே செய்."

ஆட்டு மந்தையில் பாதியை விற்றார் எஃபி. பணத்தை முன்னதாகவே லாக்லன் கையில் கொடுத்துவிட்டு, அவன் சொன்னபடி காரைப் படகுத் துறையில் விட்டுவிட்டு, தபால் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனார்.

படகுக்குக் கயிறு கட்டுவது என் வேலை. அன்று துறையில் சாம்பல் நிறக் கார் இரண்டு நின்றதை நானும் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. தீவில் பாதிப் பேரிடம் அந்தக் கார்தான். இன்னொன்று டார்மொட்டுடையது. கண் ஆபரேஷனுக்காகப் படகேறிப் போயிருந்தார். லாக்லன் கைக்கு எட்டியதை ஓட்டிப் போனான். அதிலும் துரு, அதிலும் கிளட்ச் தேய்ந்திருந்தது. அவன் ஏன் சந்தேகப்படப் போகிறான்? எல்லாவற்றையும் பழுதுபார்த்துத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினான். மறுநாள் டார்மொட் படகிலிருந்து இறங்கி, தன் காரில் ஏறி வீட்டுக்குப் போனார்.

எஃபி வந்து தன் காரை எடுத்தார். முதல் மேட்டிலேயே அது முனகியது. குனிந்து பார்த்தார். சாலை அப்படியே தெரிந்தது.

லாக்லன் தலையில் கை வைத்துக்கொண்டான். எஃபியின் காரையும் செய்து தருகிறேன், கூலி வேண்டாம், சாமானுக்கு மட்டும் கொடுங்கள் என்றான். எஃபியிடம் அதற்கும் இல்லை. இரண்டு பேரும் டார்மொட்டிடம் போனார்கள்.

டார்மொட் சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். அதில் அவர் காசு விழுந்து நான் பார்த்ததில்லை.

"நான் செய்யச் சொன்னேனா?" என்றார். "கண்ணு பளிச்சுனு தெரியுது, காரும் சத்தமில்லாம ஓடுது. ரெண்டும் ஆஸ்பத்திரி புண்ணியம்னு இருந்துட்டேன்."

"உன் கார்ல என் ஆடுங்க ஓடுது, டார்மொட்."

"ஓடட்டும். நான் பில்லு கேக்கலையே."

எஃபி திரும்பி நடந்தார். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் துணிகூடக் காயப்போட மாட்டோம். காசுப் பேச்சும் சண்டையும் கூடவே கூடாது. ஆராதனை முடிந்து எல்லோரும் சர்ச் வாசலில் நின்றோம். எஃபி தன் காரைத் தாண்டி நடந்து, டார்மொட்டின் காரில் ஏறி, சாவியைத் திருப்பினார். படியில் டார்மொட், பக்கத்தில் பாதிரியார். டார்மொட்டின் வாய் திறந்தது, மூடியது.

எஃபி கண்ணாடியை இறக்கினார். "வெயில் நல்லாயிருக்கு, டார்மொட்."

"நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

சர்ச் வாசலிலேயே சிரித்துவிடுவேனோ என்று பயந்து நான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும், எஃபி சர்ச் வாசலில் விட்டுப்போன பழைய காரில் டார்மொட் நியாயம் கேட்கக் கிளம்பினார். வடக்கு மேட்டில் அது ஒரேயடியாக நின்றுவிட்டது. மிச்ச தூரத்தை மழையில் நடந்தார்.

"அது என் கார்," என்றார் வாசலில் நின்று.

"உன்னுது எதுன்னு காட்டு, கழட்டித் தரேன். சீட் வேணுமா, நம்பர் பலகை வேணுமா?"

டார்மொட் சொட்டச் சொட்ட நின்றார். இரண்டு பேரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். கோபம் எந்த நிமிஷத்தில் அவரை விட்டுப் போனது என்று எஃபிக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அவர் கேட்டது இதுதான்: "வியாழக்கிழமை கண்ணுக்கு மருந்து போட டாக்டர்கிட்ட போகணும். நான் எப்படிப் போவேன்?"

"நடந்தா போகச் சொல்றேன்? காலைல தயாரா இரு."

நீல் வந்தது ஒரு வியாழக்கிழமை. கார் மேட்டில் நின்று கிடப்பதை யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் துணிமணிக்காகக் காலிப் பெட்டிகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு படகிலிருந்து இறங்கினான். துறையில் எஃபி இஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார். நீல் முன்கதவைத் திறந்தான். அங்கே டார்மொட் உட்கார்ந்திருந்தார்.

"பின்னாடி ஏறு," என்றார் எஃபி. "இவரை டாக்டர்கிட்ட விடணும்."

"அம்மா, பேசினபடி நான் உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"நான் எப்படிடா வர்றது? இவரை யார் ஏத்திட்டுப் போவா?"

"ஏன், இவருக்குக் கார் இல்லையா?"

டார்மொட் திரும்பிப் பார்க்கவில்லை. "இருந்துச்சு," என்றார்.

நீல் என்னைப் பார்த்தான். நான் கயிற்றைச் சுருட்டினேன். பாவமாகத்தான் இருந்தது, அந்த அறைக்குப் புது மெத்தைகூட வாங்கியிருந்தானாம். பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்தான். எஃபி கியரைப் போட, கார் துறை மேட்டில் சத்தமில்லாமல் ஏறிப் போனது.