காட்ட ஒன்றுமில்லாத அரிப்பு

சலவைக்கூடத்தின் வெந்நீர்த் தொட்டியிலிருந்து ஓட்டல் படுக்கைவிரிப்புகளை இழுத்துப் போடும்போது அவளுக்கு ஒன்றும் செய்யாது. கையைத் துடைத்ததும்தான் ஆரம்பிக்கும். உடம்பெல்லாம் ஊசி ஊசியாகக் குத்தும். துணியை விலக்கிப் பார்த்தால் ஒரு தடிப்பு இருக்காது, ஒரு புள்ளி இருக்காது. சோப்பை மாற்றினாள், கையுறை போட்டாள். வீட்டில் சுடச்சுடக் குளித்தாலும் அதே கதை.

"வேலைன்னாலே உனக்கு அரிக்குமே," என்றான் சூப்பர்வைசர். "மூஞ்சி வேற சிவந்து கெடக்கு. காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்தியா?"

இஸ்திரிக்காரி காதோடு சொன்னாள்: "அக்கா, கண்ணுக்குத் தெரியாததுக்கு அவன் லீவு தரமாட்டான். எதையாச்சும் காட்டணும்."

அன்று தரை தேய்க்கும் பிரஷ்ஷால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ரத்தம் துளிர்க்கும்வரை தேய்த்தாள். மறுநாள் காட்டியபோது சூப்பர்வைசர் பின்வாங்கினான்.

"ஐயோ, சொறி! விரிப்பைத் தொடாதே. ஒட்டாதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் வேலை கெடையாது."

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்தார். "இது நீயா தேய்ச்சதுதானே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "காட்ட வேற ஒண்ணுமில்லையேம்மா."

"எப்ப அரிக்குது?"

"சுடுதண்ணி பட்ட பெறகு."

டாக்டரம்மா அவள் சிவந்த முகத்தை மறுபடி பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று பொறுமையாக விளக்கினார். "உன் உடம்புல சிவப்பணு தேவைக்கு மேல உற்பத்தியாகுது. ரத்தம் கெட்டியாயிடுச்சு. அதான் சுடுதண்ணி பட்டா அரிப்பு. தோல்ல ஒண்ணும் தெரியாது. இது மெதுவா வளர்ற ரத்தப் புற்றுநோய். அப்பப்ப வந்து கூடுதலான ரத்தத்தை வெளிய எடுத்துக்கணும், மாத்திரை போடணும். யாருக்கும் ஒட்டாது."

"வேலைக்குப் போலாமாம்மா?"

"போலாம். சுடுதண்ணி மட்டும் ஆகாது."

டாக்டர் சீட்டைச் சூப்பர்வைசர் விரல்நுனியால் ஓரத்தில் பிடித்துப் படித்தான். "சுடுதண்ணி இல்லாத சலவை எங்க இருக்கு?" பிறகு கொல்லைப்பக்கம் கைகாட்டினான். "கறைத்துணி அலசலாம். பச்சைத்தண்ணி. ஆனா அது எடுபிடிங்க கூலிதான், பாத்துக்க."

விடிகாலையில் சிமெண்டுத் தொட்டிக்குள் கையை முழங்கைவரை விட்டு அலசினாள். பிரஷ் கீறிய இடத்துப் பொருக்குகள் ஊறி எரிந்தன. விரல்கள் விறைத்து நீலம் பாரித்தன. கையைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

பச்சைத்தண்ணீருக்கு அரிக்கவில்லை.